றங்குப்பெட்டியும் நினைவு மலரும்: திருகோணமலை உளவளத்துணை ஆசிரியர் ஒருவரை நினைவுகூர்ந்த விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒருவர் காலமானால் அவர் பேரில் சிறு நூலொன்றை அச்சிட்டு வழங்கும் வழக்கம் திருகோணமலையில் இந்துக்களிடமும் உண்டு, கிறிஸ்தவர்களிடமும் உண்டு. இந்துக்கள் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையன்று ‘கல்வெட்டு’ என்ற பெயரில் அந்நூலைக் கொடுப்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து மதிய போசனத்துக்கு அமரும்போது நினைவு மலர் கைக்கு வரும். முகப்பில் படம், அடுத்து வாழ்க்கைக் குறிப்பு, பங்குத்தந்தையின் இரங்கலுரை, மருமக்கள் பேரப்பிள்ளைகளின் கண்ணீர்க் கவிதை, கடைசியில் நன்றி நவிலல் என்று அதற்கென ஓர் அச்சு உண்டு. பாடசாலையொன்றில் நீண்ட காலம் உளவளத்துணை (மனநல ஆலோசனை) ஆசிரியராக இருந்து, 60 வயதில் ஓய்வுபெற்று, அதன்பின் தம் பங்கில் தொண்டராகவே எஞ்சிய நாட்களைக் கழித்த ஓர் அம்மையார் மறைந்தபோது, அவரை இந்த அச்சுக்குள் அடக்கித் தரும்படி நால்வரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

வேலையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இடைஞ்சல் வந்துவிட்டது. அவரை உள்ளபடி அறிந்திருந்தவர்கள் வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தார்கள். எழுத முன்வந்தவர்களோ அவரைக் காலைக் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் மெலிந்த உருவமாக மட்டுமே கண்டவர்கள். ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் மற்றவர்களின் இரகசியங்களைக் காப்பதாகவே இருந்திருக்குமானால், அவரை எதைக் கொண்டு நினைவுகூர்வது? இந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட அரைகுறை விடையையும், அதை நோக்கி நாங்கள் சென்ற வழியையும் இங்கே பதிவுசெய்கிறேன். இத்துறையில் இருப்பவர்களுக்கு எப்போதாவது பயன்படக்கூடும். அவருடைய பெயரையோ பாடசாலையின் பெயரையோ பங்கின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. பிள்ளைகள் அழைத்தபடியே ‘ரீச்சர்’ என்று எழுதுகிறேன்.

பின்னணி

ரீச்சர் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நகரிலேயே பிறந்தவர். எங்களூரில் அந்தத் தலைமுறையினர் எதையும் ‘புயலுக்கு முன்’, ‘புயலுக்குப் பின்’ என்று பிரித்துத்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு கரை கடந்த அந்தப் புயலின்போது அவர் ஆரம்ப வகுப்பு மாணவி. கூரை போன வீட்டிலிருந்து தகப்பனாரின் தோளில் ஏறி ஆலயத்துக்குப் போனதும், அங்கே யாருடைய பிள்ளை என்று கேட்காமல் ஒரு கிழவி தன் சேலைத் தலைப்புக்குள் இழுத்து வைத்துக்கொண்டதும் அவர் சில முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தம்மைப் பற்றி அவர் சொன்ன கதைகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. மற்றொன்று ஒரு பகிடி. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் 1967இல் திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டமாகப் பெயர் மாறி, 2012இல் மட்டக்களப்பு தனியே பிரிந்தபோது மறுபடியும் பழைய பெயருக்குத் திரும்பியதை வைத்து, “நான் வீடு மாறேல்ல, விலாசம்தான் ரெண்டு தரம் மாறினது” என்பார்.

ஆசிரிய பயிற்சி முடித்துத் தமிழும் சமூகக்கல்வியும் கற்பித்தார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மற்றவர்களைப் போலவே ஒரு துணிப்பையுடன் ஊரை விட்டுப் போய், பின்னர் திரும்பி வந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் உளவளத்துணையில் குறுங்காலப் பயிற்சியொன்று கிடைத்தது. அப்போதைய அதிபர், மாடிப்படிக்குக் கீழே விளையாட்டுப் பொருட்கள் போட்டு வைத்திருந்த அறையின் திறப்பை அவரிடம் கொடுத்தார். பாடவேளைகள் குறையவில்லை. இன்றும் பல பாடசாலைகளில் இதே நிலைதான்: உளவளத்துணை என்பது ஏற்கெனவே பாரம் சுமக்கிற ஓர் ஆசிரியரின் தலையில் வைக்கப்படும் இன்னொரு கூடை.

அந்த அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரீச்சருடைய முறை என்று ஒன்று இருந்ததென்றால் அது அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. கதவில் ‘உளவளத்துணை’ என்றோ, யாழ்ப்பாணத்தார் சொல்கிறபடி ‘சீர்மியம்’ என்றோ பலகை எதுவும் இல்லை. ‘நூல் இரவல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே உண்மையாகவே ஒரு தட்டில் அறுபது எழுபது கதைப் புத்தகங்களும், இரவல் கொடுத்ததைப் பதியும் ஓர் இடாப்பும் இருந்தன. அந்த வாசலுக்குள் நுழையும் பிள்ளை புத்தகம் எடுக்கப் போவதாகவே மற்றவர்கள் நினைப்பார்கள். வெளியே வரும்போது கையில் புத்தகமும் இருக்கும். கதிரைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருக்கவில்லை. இரண்டும் சற்றே சாய்வாக யன்னலைப் பார்த்திருந்தன. யன்னலுக்கு வெளியே மதிலும், மதிலுக்கு மேல் ஒரு வேம்பின் பாதியும் தெரியும். பேச விரும்பாத பிள்ளை அந்த வேம்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேசை நடுவில் இல்லை, சுவரோடு ஒட்டியிருந்தது. நாங்கள் பிற்காலத்தில் டிப்ளோமா வகுப்புகளில் காள் றொஜர்ஸ் பேரில் நிபந்தனையற்ற ஏற்பு என்று மனனம் செய்ததை, அவர் கதிரையின் கோணத்தில் செய்துவைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

வருகிற பிள்ளையிடம் அவர் கேட்ட முதற்கேள்வி எப்போதும் ஒன்றே: “சாப்பிட்டிட்டோ வந்தனீ?” அதற்கு அடுத்ததாக அவர் சொன்னது கேள்வியல்ல, ஓர் அறிவித்தல். “நீ சொல்லுறது இந்த அறைக்குள்ளயே கிடக்கும். ஆனா ரெண்டு விசயம் மட்டும் வெளியில போகும். உன்னை ஆரும் துன்புறுத்தினாலும் போகும், நீ உன்னைத் துன்புறுத்தப் போறாய் எண்டாலும் போகும். அதை ஆருக்குச் சொல்லப் போறன் எண்டு உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்.” பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 1995இல் வந்தது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஆக, வாக்குறுதிக்கு ஓர் எல்லை உண்டென்று முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவைக்கும் இந்தப் பழக்கம் சட்டத்துக்கும் இசைந்ததாகவே இருந்தது. இன்று பயிற்சி பெறும் இளம் உளவளத்துணையாளர்கள் பலர் “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்குறுதி கொடுத்துவிட்டுப் பின்னர் தவிப்பதைப் பார்க்கும்போது, இந்த இரண்டு மூன்று வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்தாலே போதும் என்று நினைப்பதுண்டு.

இரண்டு வேலைகளுக்கும் நடுவே இருந்த சுவர்

ஆலயத் தொண்டு ஓய்வுக்குப் பிறகு தொடங்கியதல்ல. இளமையிலிருந்தே அவர் மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கத் தொண்டர் அமைப்பில் இருந்தார்; பின்னாளில் புனித வின்சன் தே போல் சபைக்கும் உதவினார். 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையில் உறுப்பினர் இருவர் இருவராகத்தான் வீடு சந்திக்கப் போக வேண்டும். வாராந்தக் கூட்டத்தில் போய்வந்ததை அறிக்கையிட வேண்டும். சந்திக்கும் வீட்டுக்குப் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் எடுத்தது. பசித்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எப்படித் தொண்டாகும்? பொருளுதவி வின்சன் தே போல் சபையின் வழியாகப் போகட்டும், சேனையின் ஆட்கள் இருந்து கேட்டுவிட்டு வரட்டும் என்பதே அதன் ஏற்பாடு. கையில் பொதியோடு போகிறவரிடம் வீட்டுக்காரர் பொதிக்கு ஏற்ற கதையைத்தான் சொல்வார், வெறுங்கையோடு போனால் உள்ளதைச் சொல்வார் என்பது ரீச்சரின் விளக்கம். பாடசாலை அறையிலும் அவர் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து எதையும் தம் கையால் கொடுத்ததில்லை. தேவை தெரிந்தால் வகுப்பாசிரியர் வழியாக, அவர் பெயர் வராமல் போய்ச் சேரும்.

அவரிடம் படித்தவர்களிற் பெரும்பாலானோர் இந்துக்கள். முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த திரு இருதயப் படமுள்ள நாட்காட்டியை அவர் அந்த அறையில் மாட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இது எளிது. மறுபக்கம்தான் கடினம். ஒரு பிள்ளையின் வீட்டு விவகாரம் பாடசாலையில் அவருக்குத் தெரிந்திருக்கும். அதே வீடு சேனையின் சந்திப்புப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே விழும். கூடவே இன்னொருவரும் வருவார். அங்கே போய் ஒன்றும் அறியாதவர் போல் இருப்பது பொய். அறிந்ததைக் காட்டிக்கொள்வது துரோகம். ஆகவே வேறு வீட்டைத் தரும்படி கேட்பார். ஆனால் திருகோணமலை போன்ற ஊரில் ‘அந்த வீட்டுக்கு ரீச்சர் போக மாட்டனெண்டவ’ என்ற ஒரு வரியே போதும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். இதற்கு அவர் செய்த உபாயம் எனக்கு அவர் இறந்த பிறகே தெரியவந்தது. சேனையின் முன்னாள் செயலாளர், “அவவுக்கு அந்த ஒரு பலவீனம், மாதத்தில ரெண்டு வீடாவது மாத்திக் கேப்பா, முழங்கால் நோ, வெயில், நாய் நிக்குது எண்டு ஏதாவது சொல்லுவா” என்று சிரித்தபடி சொன்னார். எந்தச் சம்பந்தமும் இல்லாத வீடுகளையும் இடைக்கிடை மாற்றிக் கேட்டு, மாற்றுவதையே தம் வழக்கமான குறையாக்கி, உண்மையான காரணமுள்ள வீட்டை அந்தக் கூட்டத்துக்குள் ஒளித்திருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மைச் சோம்பேறி என்று மற்றவர்கள் நினைக்க விட்டிருக்கிறார். செயலாளரிடம் நான் இதை விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அவர் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்திருப்பார்.

பாரமான ஆண்டுகள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையும்கூட. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, பூசை முடிந்து வந்தவர்களும் போக இருந்தவர்களும் தெருவில் நின்ற நேரத்தில் கடல் வந்தது. நகரின் கரையோரமும் கிண்ணியாவும் மூதூரும் குச்சவெளிப் பக்கமும் அழிந்த விதம் பலராலும் எழுதப்பட்டாயிற்று. எனக்கு இங்கே வேண்டியது அதற்குப் பிந்திய மாதங்கள். நல்லெண்ணத்தோடு வந்த குழுக்கள் பல, பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நடந்ததைச் சொல்லச் சொல்லின, வரையச் சொல்லின. ஒரு குழு போனதும் அடுத்தது வரும். “ஒரே அலையை இந்தப் பிள்ளையள் எத்தினை தரம்தான் வரையிறது?” என்று ரீச்சர் ஆசிரியர் ஓய்வறையில் கேட்டது, அவர் சத்தமாகப் பேசி நான் கேட்ட ஒரே வாக்கியம். அவர் செய்தது வேறு. வகுப்புகளை விரைவில் தொடங்க வேண்டுமென்று அலைந்தார். இடாப்புக் கூப்பிட வேண்டும், மணி அடிக்க வேண்டும், வலைப்பந்து ஆட வேண்டும் என்று நின்றார். நடந்ததை ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைக்கும் முறையால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் விளையலாம் என்பது பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகவே ஆயிற்று. 2007இல் வெளிவந்த பன்னாட்டு உளசமூக வழிகாட்டிகளும் பாதுகாப்பு, அடிப்படை வசதி, குடும்பமும் சமூகமும் என்பவற்றையே அடித்தளமாக வைத்து, சிறப்புச் சிகிச்சையை உச்சியில் சிறு பகுதியாக வைத்தன. அவர் அவற்றைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. அப்போது அவை எழுதப்பட்டிருக்கவும் இல்லை.

2006 அதைவிடக் கடினம். ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலையருகே, ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்து, தொடர்ந்து கலவரம். ஆகஸ்டில் மூதூரில் சண்டை. அந்த ஆண்டு ரீச்சரின் அறைக்குப் பேசவென்று யாரும் வரவில்லை என்று அவரே சொன்னார். பேசுவது ஆபத்தாக இருந்த காலத்தில், பேசுவதற்கென்று ஓர் அறை இருப்பதும் ஆபத்தாகவே தெரிந்திருக்கும். அவர் அறையைப் பூட்டவில்லை. நூல் இரவல் இடாப்பில் மட்டும் வழமையைவிட இரண்டு மடங்கு கையெழுத்துகள். பையன்கள் வருவார்கள், புத்தகத்தை எடுக்க நெடுநேரம் செலவிடுவார்கள், போவார்கள். அவர் கொப்பி திருத்திக்கொண்டிருப்பார். இதற்கு உளவளத்துணை என்று பெயர் வைக்க முடியுமா என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை.

அதே கால்நூற்றாண்டின் எல்லாப் பக்கங்களிலும் கசிந்திருந்தது காணாமற்போனவர்களின் விவகாரம். பாடசாலைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தந்தை எங்கே என்று தெரியாத பிள்ளை அதில் என்ன எழுதும்? அலுவலக எழுதுவினைஞர் வேலையை முடிக்கும் அவசரத்தில் ‘காலமானார்’ என்று எழுதிவிடுவார். அன்றிரவு அந்த வீட்டில் தாய் சமைக்கமாட்டார். ரீச்சர் அதிபரிடம் பேசி, அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று வழக்கம் உண்டாக்கினார். ஆலயத்திலும் இதேதான். நவம்பர் 2ஆம் திகதி இறந்த விசுவாசிகளின் நினைவுக்காகப் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். காணாமற்போனவரின் தாய் அந்தப் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கமாட்டார். கொடுத்தால் மகன் இறந்துவிட்டான் என்று தானே கையெழுத்திட்டதாகும். கொடுக்காவிட்டாலோ அன்று முழு ஊரும் தன் பிள்ளைகளுக்காகச் செபிக்கையில் தன் பிள்ளைக்குப் பெயரில்லை. பூசைக்கருத்துக் கொப்பியை எழுதும் பொறுப்பு ரீச்சரிடம் வந்தபின், இந்தத் தாய்மாரின் பிள்ளைகள் ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்ற தலைப்பின் கீழ் வராமல், ‘தேவ உதவி வேண்டி’ என்ற தலைப்பின் கீழ் அதே நாளில் வாசிக்கப்பட்டார்கள். இவ்வகைத் துயரைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று 1970களில் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வரையறுத்தார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெற நம் நாட்டுச் சட்டம் இடமளித்தது 2016இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், நீல மைக் கோட்டால் பிரித்த இரண்டு தலைப்புகளில், ரீச்சர் அந்த வேறுபாட்டைச் செய்து முடித்திருந்தார்.

றங்குப்பெட்டி

அவர் திருமணம் செய்யவில்லை. அவருடைய அண்ணன் மகள்தான் கடைசிவரை பார்த்தவர். சேமக்காலையில் அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில், கட்டிலுக்குக் கீழே இருந்த தகர றங்குப்பெட்டியை அவர் என்னிடம் காட்டினார். உள்ளே கொப்பிகள், தவணை வாரியாகக் கயிறு போட்டுக் கட்டியவை. மூடியின் உட்புறத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிய கடித உறை. அதில் இரண்டே வரிகள்: கொப்பிகளை யாரும் வாசிக்க வேண்டாம், எரித்துவிடவும், பச்சை மட்டைக் கொப்பியை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் காணொளி அழைப்பில் வந்து கடுமையாக எதிர்த்தார். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் போரையும் கடற்கோளையும் கடந்த விதத்தை இவ்வளவு காலம் உடனிருந்து எழுதிய பதிவு வேறெங்கே இருக்கிறது, அதை எரிப்பது நூலகத்தை எரிப்பதற்குச் சமம் என்றார். எங்கள் சமூகத்தில் அந்த ஒப்புமைக்கு இருக்கும் கனம் தெரிந்தே அவர் அதைச் சொன்னார். பெயர்களை அழித்துவிட்டு வெளியிடலாம் என்பது அவர் யோசனை.

பெயர்கள் ஏற்கெனவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பயிற்சியில் இருந்தபோது குறிப்பெழுதும் முறையைக் காட்டுவதற்காக அவர் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தார். பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக மீன்களின் பெயர்கள்: சூடை, பாரை, சீலா, விளைமீன், கும்பளா. ‘சூடை இன்று பேசவில்லை. நகம் கடித்தல் நின்றிருக்கிறது.’ இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் எனக்கு நினைவிருப்பது. ஆனால் மீன்பெயர் வெளியூராருக்குத்தான் மறைப்பு. ‘தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, தமையன் 90இல், தாய் இரண்டாவது தடவை வெளிநாடு’ என்று ஒரு வரி இருந்தால், எங்களூரில் அந்த வீட்டின் வாசலில் நிற்கும் மரத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பதும் நாற்பதும் வயது. பலருக்குத் தங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். உளவளத்துணையில் இரகசியம் காக்கும் கடமை, நாடி வந்தவரும் துணைநின்றவரும் மறைந்த பின்னும் முடிவதில்லை என்பது தொழில்நெறியின் பொதுவான நிலை. எழுதியவரின் விருப்பமும் எழுத்தில் இருந்தது. எரிப்பதென்று முடிவாயிற்று. நானும் அண்ணன் மகளும் கிணற்றடியில் ஒரு பகல் முழுவதும் எரித்தோம். கட்டுகளின் கயிற்றை அவிழ்க்காமலே போட்டதால் நடுத்தாள்கள் எரிய மறுத்தன, தடியால் கிளற வேண்டியிருந்தது, கிளறும்போது கண்ணை வேறு பக்கம் வைத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகன் அதற்குப்பின் என்னோடு பேசவில்லை. இழப்பு உண்மையான இழப்புத்தான் என்பதில் அவரோடு எனக்கு மாறுபாடு இல்லை.

மலர் உருவான விதம்

மலருக்குக் கடிதங்கள் வந்தன. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தன. அவற்றை ஏற்கவும் விலக்கவும் நாங்கள் வகுத்துக்கொண்டது சுருக்கமானது: எழுதுபவர் தம் விவகாரத்தை மட்டும் எழுதலாம், அதனூடே வேறொருவரை ஊரார் இனங்காண முடியுமானால் அந்தப் பகுதி போகாது, தம் விவகாரமேயானாலும், ஒரு கிழமை கழித்து மறுபடி கேட்போம், அப்போதும் சம்மதமென்றால்தான் அச்சுக்குப் போகும். துக்கத்தின் சூட்டில் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்பதற்காகவே இந்தக் கடைசி ஏற்பாடு. அந்த ஒரு கிழமையில் அரைவாசிப் பேர் பின்வாங்கினார்கள். மிக அருமையான கடிதம் ஒரு தாயினுடையது. அது மகளின் கதை, தாயின் கதையல்ல; ஆகவே விட்டோம். அதில் என்ன இருந்தது என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

மறுபடி கேட்டபோதும் சம்மதித்த ஒருவரின் கதையைச் சொல்லலாம். அவர் இப்போது படகு வைத்துத் தொழில் செய்பவர். எங்கள் கரையில் வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மார்ச் தொடக்கம் செப்ரெம்பர் வரை கரைவலைக் காலம். அந்த மாதங்களில் வலை இழுக்கக் கை வேண்டுமென்று பையன்களைப் பாடசாலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் இவரும் அப்படி நின்றுவிட்டார். ரீச்சர் தேடி வந்தது வீட்டுக்கல்ல, விடியற்காலை கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிக்கு. வலை இழுத்து முடியும்வரை மணலில் இருந்தார். பாடசாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைய வலைப்பாட்டில் எத்தனை கூடை மீன், பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டு, பையன் சொன்ன கணக்கைத் தம் கொப்பியில் எழுதி, “உன்ர பங்கில பிழை விட்டிருக்கினம் போல கிடக்கு, நீயே ஒருக்காப் பார்” என்று கொடுத்துவிட்டுப் போனார். பிழை இருந்தது. பின்ன எண்களும் விகிதமும் தெரியாவிட்டால் தன் பங்கைக்கூடக் கேட்க முடியாது என்று அந்தப் பையனுக்கு அன்று விளங்கிற்றாம். மூன்றாம் தவணை திரும்பி வந்து, சாதாரண தரம் வரை படித்தார். மலரில் இதைத் தம் படத்தோடும் பெயரோடும் போடச் சொன்னார், “நான் ஏன் ஒளிக்கோணும், மிஸ்?” என்று என்னைக் கேட்டார்.

மலர் கடைசியில் பதினாறு பக்கங்களாக வந்தது. கண்ணீர்க் கவிதை இல்லை. வாழ்க்கைக் குறிப்பில் தேதிகளும் இடங்களும் மட்டும். சேனையின் செயலாளர், வீடு மாற்றிக் கேட்கும் அந்தப் பலவீனத்தை அன்போடு எழுதியிருந்தார். அதை அப்படியே விட்டோம். நாங்கள் ஒரு பிழையும் செய்தோம். 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்சார் தண்டனையைத் தடைசெய்த பின்னரும் ஓய்வறையில் பிரம்பு தொங்கியதையும், ரீச்சர் ஒரு நாள் அதை எடுத்து வேலிக்கம்பாகத் தோட்டத்தில் நட்டதையும் ஒரு சக ஆசிரியர் சுவையாக எழுதியிருந்தார். பிரம்புக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோடிருக்கிறார், திருப்பலிக்கும் வந்திருந்தார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பிள்ளைகளின் இரகசியத்தில் காட்டிய கவனத்தைப் பெரியவர்களின் மானத்தில் காட்டத் தவறினோம். அவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். “அது நல்ல பிரம்பு” என்று மட்டும் சொன்னார்.

பச்சை மட்டைக் கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் ஆட்களின் பெயரோ மீன்களின் பெயரோ கிடையாது. ஆலங்கேணி, ஈச்சந்தீவிலிருந்து நகருக்கு வந்து தங்கிப் படித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவதற்காக எழுதி வைத்த பயண நேரங்கள்: முதல் பஸ், மூதூர் லோஞ்ச், கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையான ‘பாதை’ வெளிக்கிடும் நேரம், கடைசிப் பாதை திரும்பும் நேரம், சோதனைச்சாவடியில் ஆகும் தாமதம் தனியாக அடைப்புக்குள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர். அதன்பின் பாதைக்கு வேலையில்லை. கொப்பியில் அந்த நேரங்களை அவர் அழிக்கவில்லை, மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் இழுத்து, பக்கத்தில் ‘இனி எந்த நேரமும் போகலாம்’ என்று எழுதியிருக்கிறார்.